யார் முன் மண்டியிடுவது? காஸ்தோன் ஃபெபுஸ் முன்னால் இருந்த நான்கு வழிகள்

1347 செப்டம்பர் 25. தென்மேற்குப் பிரான்சில், பிரனீஸ் மலையடிவாரத்தில் ஓர்தேஸ் என்ற ஊர். பிரெஞ்சு மன்னர் ஆறாம் ஃபிலிப் அனுப்பிய தூதர், பதினாறு வயதே ஆன ஒரு பிரபுவின் முன்னால் நிற்கிறார். மன்னருக்கு அடங்கி நடப்பதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறார். பையனின் பெயர் காஸ்தோன். ஃபுவா கோமகன்கள் வரிசையில் மூன்றாம் காஸ்தோன். பத்து வருடம் கழித்து ஃபெபுஸ் என்று சூரியக் கடவுளின் பெயரைத் தனக்குத் தானே சூட்டிக்கொள்ளப் போகிறவர்.

அவர் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: ஃபுவா நிலத்துக்காக மன்னருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யத் தயார். ஆனால் இப்போது நான் நிற்பது பெயார்ன் மண்ணில். இதை நான் கடவுளிடமிருந்து பெற்றிருக்கிறேன், உலகத்தில் வேறு எந்த மனிதரிடமிருந்தும் அல்ல.

இந்த ஒரு வாக்கியத்தை வைத்துப் பிற்காலத்தில் அவரைத் தன்மானச் சிங்கமாக்கிவிட்டார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ‘முடியாது’ என்ற சொல்லே அதில் கிடையாது. ‘இங்கே வைத்து என்னிடம் கேட்காதீர்கள்’ என்பதுதான் இருக்கிறது. நம் கோர்ட்டு பாஷையில் சொன்னால், பையன் வாய்தா வாங்கினார். அந்த வாய்தாவை அடுத்த நாற்பத்து நான்கு வருடம் நீட்டிக்கொண்டே போனார் என்பதில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

அன்று அவர் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. முதல் மூன்றிலும் அக்கம்பக்கத்துப் பிரபுக்கள் நடந்து காட்டினார்கள், நான்காவதில் இவரே நடந்தார். அதனால் எது தேறியது, எது தேறவில்லை என்று ஊகிக்க வேண்டிய அவசியமில்லை; அவர்களுடைய கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

அதற்கு முன் அந்தச் சத்தியம் என்பது என்ன என்று தெரிய வேண்டும். தொப்பியைக் கழற்றி, இடைவாரை அவிழ்த்து, வாள் இல்லாமல் மண்டியிட வேண்டும். இரண்டு கைகளையும் கூப்பி மேலாளரின் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து ‘உங்கள் ஆள்’ என்று சொல்ல வேண்டும். பிறகு முத்தம். பார்க்கச் சின்னச் சடங்குதான். ஆனால் அதைச் செய்துவிட்டால், போர் என்று அவர் கூப்பிடும்போது படையோடு போக வேண்டும். உங்கள் தீர்ப்பு பிடிக்காத குடிமகன் அவருடைய நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போகலாம். சொன்னபடி நடக்காவிட்டால் நிலத்தையே அவர் பறிமுதல் செய்யலாம். 1329இல் அமியான் பேராலயத்தில் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டே, தன் பிரெஞ்சு நிலங்களுக்காக இதே ஃபிலிப்புக்கு இந்தச் சடங்கைச் செய்தார், அதுவும் அரைமனதாக. எட்டு வருடத்தில் ஃபிலிப் அந்த நிலங்களைப் பறிமுதல் என்று அறிவிக்க, நூற்றாண்டுப் போர் தொடங்கியது. ஆக, காஸ்தோனிடம் தூதர் கேட்டது மரியாதைக்காகக் கேட்கும் சம்பிரதாயக் கேள்வி அல்ல.

இனி நிலம். காஸ்தோனின் சொத்து ஒரே துண்டாக இல்லை. அதுதான் சிக்கலின் வேர். கிழக்கே ஃபுவா, துலூஸ் நகருக்குத் தெற்கே. சுற்றிலும் பிரெஞ்சு மன்னரின் அதிகாரிகள். அது பிரெஞ்சு மன்னருக்குக் கீழ்ப்பட்டது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மேற்கே சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி பெயார்ன். 1290இல் பாட்டன் பூட்டன் காலத்துக் கல்யாணம் ஒன்றின் வழியாகக் குடும்பத்துக்கு வந்த நிலம். பழைய கணக்குப்படி அது பிரான்சின் தென்மேற்குப் பகுதியான கஸ்கனியின் டியூக்குக்குக் கீழ்ப்பட்டது. கஸ்கனி டியூக் என்றால் இங்கிலாந்து மன்னர். பெயார்ன் மக்களின் பிழைப்பும் அந்தப் பக்கம்தான். குளிர்காலத்தில் மலையிலிருந்து இறங்கும் ஆட்டு மந்தைகள் மேய்வது போர்தோ பக்கத்துச் சமவெளிகளில். சரக்கு கடலுக்குப் போவது பயோன் துறைமுகம் வழியாக. போர்தோ, பயோன் இரண்டுமே ஆங்கிலேயர் கையில். கிழக்கு நிலத்தின் கழுத்து பிரெஞ்சுக்காரன் கையில், மேற்கு நிலத்தின் வயிறு ஆங்கிலேயன் கையில்.

காலமும் சரியில்லை. முந்தைய வருடம் ஆகஸ்டில் கிரேசியில் பிரெஞ்சுப் படை நொறுங்கியது. 1347 ஆகஸ்டில், அதாவது தூதர் வருவதற்கு ஏழெட்டு வாரம் முன்னால், கலே துறைமுகமும் விழுந்துவிட்டது. தெற்கே ஆங்கிலத் தளபதி லங்காஸ்டர் ஹென்றி பெர்ஜெராக்கைப் பிடித்து, ஒபெரோஷில் ஜெயித்து, புவாத்தியேவைச் சூறையாடியிருந்தார். பிரெஞ்சு மன்னருக்கு ஆள் தேவைப்பட்ட நேரம். தேவை இருக்கிற இடத்தில்தான் பேரம் இருக்கும் என்று பதினாறு வயதிலேயே தெரிந்திருக்கிறது. ஓர்தேசில் அந்தப் பதிலைச் சொல்லி மூன்றாம் நாள், செப்டம்பர் 28, கலேயில் இரு மன்னர்களும் போர்நிறுத்தத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். காஸ்தோனுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அதிர்ஷ்டமும் கொஞ்சம் கூட நின்றது.

முதல் வழி: எல்லாவற்றுக்கும் பிரெஞ்சு மன்னரே கதி

இதில் லாபம் கண்கூடானது. ஃபுவாவுக்கு ஆபத்தில்லை. தெற்குப் பிரான்சின் லாங்தோக் பகுதிக்கே மன்னரின் பிரதிநிதியாகலாம். சம்பளம், அதிகாரம், படை எல்லாம் வரும். அப்பா இரண்டாம் காஸ்தோன் பிரெஞ்சுப் பக்கம் நின்று போரிட்டவர்தான். 1343இல் ஸ்பெயினில் அல்ஹெசிராஸ் முற்றுகைக்குப் போய், செவில்லேயில் இறந்துபோனார்.

நஷ்டம் வீட்டுக் கதையிலேயே இருந்தது. 1272இல் அப்போதைய ஃபுவா கோமகன் துள்ளியபோது, மன்னர் மூன்றாம் ஃபிலிப் நேரில் படையெடுத்து வந்து, ஆளைப் பிடித்துச் சிறையில் போட்டார். பாரிஸ் எவ்வளவு தூரம் கை நீட்டும் என்பது ஃபுவா வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கை பெயார்னுக்குள்ளும் வரட்டும் என்று கதவைத் திறந்து வைப்பதா?

இந்த வழியில் போனவர் ஆர்மன்யாக் கோமகன் முதலாம் ழான். பெயார்ன் சொத்து யாருக்கு என்பதில் அந்தக் குடும்பத்துக்கும் ஃபுவா குடும்பத்துக்கும் இரண்டு தலைமுறைப் பகை. ழான் மன்னரின் லாங்தோக் பிரதிநிதி ஆனார். விளைவு: 1355 இலையுதிர்காலத்தில் மூன்றாம் எட்வர்டின் மூத்த மகனான கறுப்பு இளவரசர் போர்தோவிலிருந்து கிளம்பி, முதல் வேலையாக ஆர்மன்யாக் ஊர்களைக் கொளுத்தினார். ழான் துலூஸ் மதிலுக்குள் உட்கார்ந்திருந்தார், வெளியே வரவில்லை. அதைவிடக் கொடுமை 1360இல் நடந்தது. பிரெத்தினி ஒப்பந்தத்தில், போரில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டிருந்த அடுத்த பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ழான், தன்னை நம்பி வீடு வாசலை இழந்த இதே மனிதரின் நிலங்களைத் தன் மீட்புப் பேரத்தில் ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். யாருக்கு எதிராக ஊர் எரியக் கொடுத்தாரோ, அந்த இளவரசர் முன்னாலேயே மண்டியிட வேண்டிவந்தது. பெரிய இடத்துச் சிநேகத்தை நம்பிய சின்ன மனிதனின் கதி இது. பிற்பாடு 1368இல் இளவரசர் வீட்டு அடுப்புக்கு இவ்வளவு என்று போட்ட வரியை எதிர்த்து இதே ழான் பாரிஸுக்கு மேல்முறையீடு போனதுதான் போர் மறுபடி மூள வழி செய்தது. அந்த அளவுக்கு அவரும் பழி தீர்த்துக்கொண்டார் எனலாம்.

இரண்டாம் வழி: ஆங்கிலேயரோடு வெளிப்படையாகச் சேர்வது

1347இல் பார்த்தால் ஜெயிக்கிற குதிரை இதுதான். பெயார்ன் வியாபாரத்துக்கும் இதுவே தோது. ஆனால் மறுநாளே ஃபுவா பறிபோகும். மேற்கை வைத்துக் கிழக்கைத் தோற்பது. குடும்பப் பெயரே ஃபுவாதான். அதை விட்டுவிட்டு நிற்பதென்பது சாதாரண விஷயமில்லை. ஆங்கிலேயர் ஒன்றும் நல்ல எஜமானர்களும் அல்ல. பெயார்னின் பழைய பிரபு ஏழாம் காஸ்தோன், முதலாம் எட்வர்டை எதிர்த்து நின்று, கடைசியில் இங்கிலாந்தில் கைதியாகக் காலம் தள்ளியவர்.

இந்த வழியில் கடைசி வரை போனவர் காஸ்தோனின் உறவினர், கப்தால் த புயுஷ் என்ற பட்டம் கொண்ட ழான் த கிரயி. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த ஆள் இவர்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1356இல் புவாத்தியே போரில் சுற்றிவளைத்துப் பின்னாலிருந்து தாக்கி, பிரெஞ்சு மன்னர் பிடிபடக் காரணமானவர்களில் ஒருவர். மூன்றாம் எட்வர்ட் தொடங்கிய கார்ட்டர் வீரர் குழுவின் முதல் உறுப்பினர்களில் ஒருவர். வேடிக்கை என்னவென்றால், எதிரெதிர் முகாம்களுக்கு வேண்டியவர்களான இந்த இரண்டு உறவினர்களும் சேர்ந்தே 1357இல் பிரஷ்யாவுக்குச் சிலுவைப்போர் புரியப் போனார்கள். திரும்பும் வழியில் 1358 ஜூனில், மோ நகரில் விவசாயிகள் கலகத்தில் மாட்டிக்கொண்ட பிரெஞ்சு அரச குடும்பத்துப் பெண்களை இருவரும் சேர்ந்து காப்பாற்றினார்கள். கலகக்காரர்களை வெட்டிச் சாய்த்த அந்த நாளை வீரக்கதையாகச் சொல்வது வழக்கம். செத்தவர்கள் பெரும்பாலும் கவசம் கூட இல்லாத சாதாரண மக்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கப்தாலின் முடிவு? 1364இல் கொஷெரெலில் பிடிபட்டார், மீண்டார். 1372இல் சுபீஸில் மறுபடி பிடிபட்டார். இந்த முறை மன்னர் ஐந்தாம் சார்ல், எத்தனை பணம் கொடுத்தாலும் விடவில்லை. இனி என்னை எதிர்த்துப் போரிட மாட்டேன் என்று சத்தியம் செய், விடுகிறேன் என்றார். கப்தால் செய்யவில்லை. பாரிஸ் தாம்பிள் கோட்டைச் சிறையில் 1376இல் இறந்தார். விசுவாசத்துக்கு மதிப்பெண் போட்டால் நூற்றுக்கு நூறு. நிலத்தைக் காப்பதற்கு மதிப்பெண் போட்டால் என்ன கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் வழி: இரண்டு பேருக்கும் சத்தியம்

ஃபுவாவுக்காக பாரிஸுக்கு ஒன்று, பெயார்னுக்காக லண்டனுக்கு ஒன்று. சட்டப்படி இதுதான் சுத்தமான வழி. சமாதான காலத்தில் பல பிரபுக்கள் அப்படித்தான் இருந்தார்கள். ஆனால் இரண்டு எஜமானர்களும் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ளும்போது இருவருமே படை கேட்பார்கள். ஒருவருக்குப் போனால் இன்னொருவருக்குத் துரோகி. இரண்டு படகில் கால் வைத்தவனுக்கு இரண்டு படகும் ஒரே திசையில் போகிற வரைதான் நிம்மதி.

இதன் வளைந்த வடிவம், ஒருவருக்குச் சத்தியம் செய்துவிட்டு இன்னொருவரோடு ரகசியமாகப் பேசுவது. இதற்குக் காஸ்தோனின் மைத்துனரையே உதாரணம் காட்டலாம். 1349இல் காஸ்தோன் மணந்தது, பிரனீஸ் மலையை ஒட்டிய சின்ன அரசான நாவாரின் இளவரசி அன்யேஸை. அவளுடைய அண்ணன்தான் நாவார் மன்னர் சார்ல், பிற்காலத்தவர் ‘கெட்டவன்’ என்று பட்டம் கொடுத்த மனிதர். 1354இல் பிரெஞ்சுப் படைத்தலைவரைக் கொல்ல ஆள் ஏவினார். மன்னிப்புக் கிடைத்தது. ஆங்கிலேயரோடு பேரம் பேசினார், மறுபடி மன்னிப்பு. 1356 ஏப்ரலில் ரூவாங் நகரில் விருந்துக்கு நடுவே பிரெஞ்சு மன்னரே வந்து கைது செய்தார். சிறையிலிருந்து தப்பினார். 1378இல் நார்மண்டி நிலங்கள் ஏறக்குறைய எல்லாம் போயின. 1387இல் இறக்கும்போது, அவரை நம்புகிற ஒரு அரண்மனை கூட ஐரோப்பாவில் பாக்கியில்லை. புத்தியில் மைத்துனர் காஸ்தோனுக்குக் குறைந்தவர் இல்லை. வித்தியாசம் ஒன்றுதான்: சார்ல் எல்லோருக்கும் ‘சரி’ சொன்னார், ஃபெபுஸ் பெயார்ன் விஷயத்தில் யாருக்கும் சொல்லவில்லை.

நான்காம் வழி: வாய்தா

ஃபெபுஸ் யாருக்குமே மண்டியிடவில்லை என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது தவறு. ஃபுவா பிரெஞ்சு மன்னருக்குக் கட்டுப்பட்டது என்பதை அவர் எந்நாளும் மறுத்ததில்லை. மார்சான், கபர்தான் என்ற இரண்டு சிறு நிலங்களுக்காகக் கறுப்பு இளவரசர் முன்னாலும் மண்டியிட்டிருக்கிறார். பெயார்ன் ஒன்றைத்தான் தனியாக எடுத்துக் கையை மூடிக்கொண்டார். எதை விட்டுக்கொடுப்பது, எதை விடக்கூடாது என்று பிரித்ததுதான் கணக்கு.

சட்ட ஆதாரம் பலமாக இருந்ததா? இல்லை. பெயார்ன் கஸ்கனிக்குக் கீழ்ப்பட்டிருந்தது என்பதற்குப் பழைய ஆதாரங்கள் இருந்தன. ஆனால் அதை நிலைநாட்ட வேண்டிய ஆங்கிலேயருக்கு ஃபெபுஸின் தயவு தேவைப்பட்டது. அதைத் தட்டிக்கேட்க வேண்டிய பிரெஞ்சுக்காரர்களுக்கோ, ‘இது ஆங்கிலேயருக்குச் சொந்தம்’ என்று அவர்களே வாதாட முடியாது. இரண்டு வழக்கறிஞர்களும் கட்டைத் திறக்கப் பயப்படுகிற வழக்கு. அதனால்தான் அது நடக்காமலே நடந்தது.

மூன்று முறை சோதனை வந்தது.

முதலாவது 1355இல், ஆர்மன்யாக்கை எரித்துக்கொண்டு வந்த அதே படை. நார்போன் வரை போய்விட்டுத் திரும்புகிற வழியில் ஃபுவா எல்லையைத் தொட்டது. நவம்பரில் புல்போன் மடத்தில் கறுப்பு இளவரசரும் ஃபெபுஸும் சந்தித்துப் பேசினார்கள். ஃபுவா ஊர்களில் தீ வைக்கவில்லை. ஒரே படையெடுப்பில் ஒரு கோமகனின் ஊர்கள் சாம்பல், இன்னொருவரின் ஊர்களில் அடுப்பு எரிகிறது. இந்த ஒப்பீட்டுக்கு இதைவிடத் துல்லியமான சாட்சி எனக்குத் தெரியாது.

அதற்கான விலை அடுத்த வருடமே வந்தது. 1356இல் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ழான் ஃபெபுஸைப் பாரிஸ் ஷாத்லே கோட்டையில் அடைத்துவிட்டார். பெயார்ன் விவகாரம் பாதி, நாவார் மைத்துனரின் சகவாசம் பாதி. நான்காம் வழியின் பலவீனம் அங்கே பளிச்சென்று தெரிகிறது: யாருடைய ஆளும் இல்லாதவனைப் பிடித்தால் தட்டிக்கேட்க ஆளில்லை. சிறை வாசம் நீளவில்லை, விடுவித்துவிட்டார்கள். செப்டம்பரில் அந்த மன்னரே புவாத்தியேவில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார்.

இரண்டாவது சோதனை 1362 டிசம்பர் 5, துலூஸ் பக்கத்து லோனாக்கில். ஆர்மன்யாக் ழானோடு நேருக்கு நேர் போர். ஃபெபுஸ் ஜெயித்தார், ஜெயித்தது மட்டுமல்ல, ழானையும் அவரோடு வந்த பிரபுக்கள் கூட்டத்தையும் உயிரோடு பிடித்தார். ழானின் தலைக்கு மட்டும் 3 லட்சம் புளோரின் பொற்காசு மீட்புத் தொகை. எல்லோருடையதும் சேர்ந்தால் சுமார் 6 லட்சம். தன்மானம், சுதந்திரம் என்றெல்லாம் பேசுவதற்கு முன் இந்தத் தொகையை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. 1347இல் சொன்ன வாக்கியத்துக்குப் பதினைந்து வருடம் கழித்துத்தான் முதல் போட்டார்கள், போட்டது எதிரி.

அந்தப் பணத்தை ஊதாரித்தனம் செய்யவில்லை என்பதில்தான் ஆள் தெரிகிறார். ஓர்தேசில் மொன்காத் கோபுரத்தில் பூட்டி வைத்தார். கோட்டைகள் கட்டினார்: மொந்தானேரில் செங்கல் கோட்டை, போ நகரில் கோபுரம், இன்னும் பல. மொந்தானேர் வாசலில் ‘ஃபெபுஸ் என்னைக் கட்டினார்’ என்று கோட்டையே பேசுவதுபோல் கல்வெட்டு. ‘துணிவிருந்தால் தொடு’ என்பது அவருடைய முழக்கமாகச் சொல்லப்படுகிறது. குடிகள் வருடா வருடம் அடுப்புக்கு இவ்வளவு என்று வரி கட்டினார்கள். 1385இல் பெயார்னில் வீடு வீடாகக் கணக்கெடுத்த பட்டியல் இன்றும் இருக்கிறது. வரி கனமானதுதான். 1388இல் ஓர்தேசில் பல வாரம் தங்கிய வரலாற்று எழுத்தாளர் ஃபுருவாசார், அடுப்புக்கு இரண்டு ஃபிராங்க் என்று எழுதுகிறார். மக்கள் முணுமுணுக்காமல் கட்டினார்கள், ஏனென்றால் அவர்கள் ஊருக்குள் எந்தக் கொள்ளைப்படையும் நுழையவில்லை என்கிறார். ஃபுருவாசார் விருந்து சாப்பிட்டவர், புகழ்ச்சியைக் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த நாற்பது வருடத்தில் அக்கம்பக்கத்து ஊர்கள் என்ன பாடுபட்டன என்று தெரிந்தவர்கள் முழுவதையும் கழிக்க மாட்டார்கள்.

மூன்றாவது சோதனை 1364 ஜனவரி. பிரெத்தினி ஒப்பந்தத்துக்குப் பிறகு கறுப்பு இளவரசர், கஸ்கனியையும் உள்ளடக்கிய அக்கிதேன் முழுவதற்கும் அதிபதி. தெற்கத்திப் பிரபுக்கள் ஒவ்வொருவராக வந்து அவர் கைக்குள் கை வைத்துப் போனார்கள். ஃபெபுஸ் கடைசி வரை இழுத்தடித்து அஜான் நகருக்கு வந்தார். மார்சானுக்கும் கபர்தானுக்கும் மண்டியிட்டார். பெயார்னுக்கு? பெயார்ன் யாருக்கும் கட்டுப்பட்டதல்ல, பதினாறு வருடம் முன்னால் தூதரிடம் சொன்ன அதே பதில். அன்று கேட்டது பிரெஞ்சுக்காரர், இன்று கேட்டது ஆங்கிலேயர், அவ்வளவுதான் வித்தியாசம். 1369இல் போர் மறுபடி மூண்டபோது கேள்வி அந்தரத்தில் நின்றது. இளவரசர் நோயாளியாகி 1371இல் இங்கிலாந்துக்குக் கிளம்பிவிட்டார்.

ஃபெபுஸ் தன் வேட்டை நூலின் முன்னுரையில், வாழ்நாள் முழுவதும் ஆயுதம், காதல், வேட்டை என்ற மூன்றில் மகிழ்ந்தேன் என்கிறார். முதல் இரண்டிலும் தன்னைவிடத் தேர்ந்தவர்கள் உண்டு, மூன்றாவதில் அப்படிச் சொல்ல மாட்டேன் என்று சேர்த்துக்கொள்கிறார். காட்டுப்பன்றி எந்தப் பக்கம் ஓடும் என்று புதருக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பழக்கம் அரசியலிலும் உதவியிருக்கிறது.

எங்கே உடைந்தது

இதுவரை எழுதியதைப் பார்த்தால் நான்காம் வழியே எல்லாவற்றிலும் மேல் என்று தோன்றும். ஒரு இடத்தில் அது மற்ற மூன்றையும்விட மோசம். அது அவர் ஒருவரையே நம்பி நின்றது. எழுதிய ஒப்பந்தம் இல்லை, மேலாளர் இல்லை, சாட்சிக்கு யாருமில்லை. ஒரு வாரிசு வேண்டும். அவனும் அப்பனைப் போல் இருக்க வேண்டும்.

மனைவி அன்யேஸை 1362இல், மகன் பிறந்த கொஞ்ச காலத்திலேயே பிறந்தகத்துக்கு அனுப்பிவிட்டார். பேசிய சீர்ப்பணம் வந்து சேராததுதான் தகராறு. மகன் பெயரும் காஸ்தோன். 1380இல் அந்தப் பையன் அம்மாவைப் பார்க்க நாவாருக்குப் போய்வந்தான். பிறகு நடந்ததை ஃபுருவாசார் இப்படிச் சொல்கிறார்: மாமன் சார்ல் ஒரு பொடியைச் சுருக்குப் பையில் போட்டுக் கொடுத்தார், இதை அப்பாவின் சாப்பாட்டில் தூவு, அப்பா அம்மாவோடு மறுபடி சேர்ந்துவிடுவார் என்றார். பையன் அதைச் சட்டைக்குள் கழுத்தில் தொங்கவிட்டிருந்தான். சாப்பாட்டு மேசையில் ஃபெபுஸின் கண்ணில் பையின் கயிறு பட்டது. கூப்பிட்டு, கயிற்றைக் கத்தியால் அறுத்து, பொடியை ஒரு ரொட்டித் துண்டில் தூவி நாய்க்குப் போட்டார். நாய் செத்தது. பையனைக் கோபுரத்தில் அடைத்தார்கள். அவன் சாப்பிட மறுத்தான். நகம் வெட்டிக்கொண்டிருந்த சின்னக் கத்தியோடு ஃபெபுஸ் உள்ளே போனார். அதன் நுனி பையனின் கழுத்து நரம்பில் பட்டது.

தற்செயலா, கோபமா, மூடி மறைப்பதற்காகச் சொன்ன கதையா என்று அன்றிலிருந்து வாதம் நடக்கிறது. ஒரே முறைப்படியான வாரிசு, அப்பா கையால் போனான் என்பதில் மட்டும் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. மாமனின் பேரத்தையும் அப்பாவின் பிடிவாதத்தையும் தாங்க வேண்டியிருந்தது அந்தப் பையனின் கழுத்துதான்.

அதன் பிறகு ஃபெபுஸ் வைத்தது எதுவும் பழைய கணக்கில் இல்லை. 1390 ஜனவரி 5, துலூஸில் இளம் மன்னர் ஆறாம் சார்லோடு ஒப்பந்தம்: 1 லட்சம் ஃபிராங்க் பணமும், ஆயுள் உள்ளவரை பிகோர் நிலமும் ஃபெபுஸுக்கு, அவர் காலத்துக்குப் பிறகு அவருடைய நிலங்கள் மன்னருக்கு. பதினாறு வயதில் ‘யாருக்கும் இல்லை’ என்று சொன்னவர் ஐம்பத்தெட்டு வயதில் எழுதிக் கொடுத்தார். இதைத் தோல்வி என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு என்னவோ இதுவும் ஒரு வாய்தாவாகத்தான் படுகிறது: தான் சாகும் வரை யாரும் தொடக்கூடாது, அதற்குக் காசும் வாங்கியாயிற்று. பிறகு நடப்பது அவர் கவலையில்லை. குடிகளின் கவலை என்பதுதான் என் மனக்குறை.

ஆக, என்னை அன்று ஓர்தேசில் உட்கார வைத்து ஆலோசனை கேட்டிருந்தால் நான்காம் வழியைத்தான் சொல்லியிருப்பேன், ஒரு நிபந்தனையோடு: மனைவியை வீட்டில் வைத்துக்கொள், இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கட்டும். சீர்ப்பணம் வராததற்காக வாரிசை அடகு வைத்த கணக்கு, ஃபெபுஸ் போட்டவற்றில் மிக மட்டமான கணக்கு.

1391 ஆகஸ்ட் 1. ஓப்பித்தால் தொரியோன் என்ற சிற்றூர். காலையில் கரடி வேட்டை முடித்து, வெயிலில் வேர்த்து வந்தவரைப் பச்சைத் தழை பரப்பிய குளிர்ந்த அறையில் உட்கார வைத்தார்கள். சாப்பாட்டுக்கு முன் கை கழுவ வெள்ளிப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றினார்கள். தண்ணீர் விரல்களில் பட்டதும் முகம் வெளுத்து, கால் தளர்ந்து, இருக்கையில் விழுந்தார். கொஞ்ச நேரத்தில் உயிர் போனது.

மணவுறவுக்கு வெளியே பிறந்த மகன் இவான் அப்பாவின் விரலிலிருந்து மோதிரத்தையும், கூடவே இருக்கும் அந்தச் சின்னக் கத்தியையும் எடுத்துக்கொண்டு ஓர்தேசுக்குக் குதிரையை விட்டான். அடையாளத்தைக் காட்டினால் காவலாளி கோபுரத்தைத் திறப்பான். திறந்தான். ஆனால் சாவுச் செய்தி ஊருக்குள் பரவியதும் ஊர் மக்கள் கூடிவிட்டார்கள், பணம் வெளியே போகக்கூடாது என்று. உள்ளே எண்ணிப் பார்த்தது 7,37,550 புளோரின்.

ஒரு வாரத்தில், ஆகஸ்ட் 8, பெயார்ன் ஊர்களின் ஆட்கள் ஓர்தேசில் கூடினார்கள். துலூஸில் எழுதிய தாளை அவர்கள் மதிக்கவில்லை. ஃபெபுஸின் தூரத்து உறவினர் மத்தியே த கஸ்தெல்போனைத் தங்கள் பிரபுவாக ஏற்பதாகச் சொன்னார்கள், சும்மா அல்ல, நிபந்தனைகளோடு. பிரெஞ்சு மன்னரும் கடைசியில் பணத்துக்கு ஒத்துக்கொண்டு உரிமையை விட்டுக்கொடுத்தார். அந்தக் கூட்டத்திலிருந்துதான் பெயார்ன் சபை வளர்ந்தது. பெயார்னைப் பிரான்சோடு இணைக்க 1620இல் பதின்மூன்றாம் லூயி படையோடு போ நகருக்கு வர வேண்டியிருந்தது.